சேகருக்கு இனி யார் ‘ஓல்டான்’ சொல்வது?

தேவசகாயம் சார் இறந்துவிட்டார். காலையில் அவர் மகள் போன் பண்ணினாள். ஹார்ட் அட்டாக். ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகவில்லையாம்...

என் தம்பி சேகரின் பி.டி. மாஸ்டர் அவர். சேகருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, புத்தி மட்டும் நாலு வயசுப் பிள்ளையுடையது.

அவனிடம் இன்னும் சொல்லவில்லை. எதை எப்படிச் சொன்னால் அவனுக்குப் புரியும் என்று தெரிந்த ஒரே ஆள் சார்தான்.

1991... ஸ்ரீபெரும்புதூர் என்றால் ஊர் உலகத்துக்கு அந்த வருஷம் வேறு ஞாபகம். எனக்கு தண்டலம் பக்கம் இருந்த அந்தச் சிறப்புப் பள்ளியின் கிரவுண்டுதான். பத்தாவது முடித்து வீட்டில் இருந்த நான்தான் தம்பியை பஸ்ஸில் கூட்டிப் போவேன்.

கிரவுண்டுக்குச் சுவர் கிடையாது. ஒரு முள்வேலி, அதிலும் ஆள் நுழையும் சந்து. அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப், அதைத் தாண்டினால் பெங்களூர் ரோடு, லாரிகள்.

“இதுங்களுக்கு இன்னாத்துக்கு சார் வெளையாட்டு? ஒரு ஓரமா குந்த வெச்சா போதாதா?” என்று பெற்றவர்களே கேட்பார்கள். சார் விசிலை எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்குப் போய்விடுவார்.

அந்த விசிலும் உதவவில்லை. சத்தம் கேட்டதும் பாதிப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். பலூன் வீசிப் பிடிக்கச் சொன்னார். ஒன்று வெடித்ததில் ஒரு பெண் குழந்தை தலையைத் தரையில் மோதி மோதி அழுதாள். மறுநாளிலிருந்து ஊதிக் கட்டின பிளாஸ்டிக் கவர்தான் எங்கள் பந்து.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம், நிற்கச் சொல்லிக் கொடுப்பது. ஓட ஆரம்பித்தால் ஓடிக்கொண்டே இருப்பார்கள். “ஸ்டாப்” என்று சார் கத்தினால் சேகரும் “ஸ்டாப்” என்று கத்திக்கொண்டே ஓடுவான்.

ஒருநாள் எங்களோடு பஸ்ஸில் வந்தபோது சார் பார்த்திருக்கிறார். கண்டக்டர் பஸ்ஸை நிறுத்த “ஓல்டான்” என்றதும் நம்ம பிள்ளைகள் எல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கப்பென்று அடங்கிவிடுகிறார்கள்!

மறுநாள் கிரவுண்டில் “போலாம் ரைட்!” என்றார். ஓடினார்கள். “ஓல்டான்!” என்றார். நின்றார்கள். அத்தனை பேரும். சார் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. ஸ்டாப்பில் நிஜ பஸ்ஸின் கண்டக்டர் “போலாம் ரைட்!” என்று குரல் கொடுத்தார். சேகரும் இன்னொரு பையனும் வேலிச் சந்தில் புகுந்து ரோட்டுக்கே ஓடினார்கள்.

“ஓல்டான்!” சார் போட்ட சத்தத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். பஸ்ஸும் நின்றுவிட்டது.

“எவன்யா ஓல்டான் சொன்னது? வெளையாட்டா கீதா?” என்று கண்டக்டர் இறங்கி வந்தார். “என் பசங்களுக்குச் சொன்னேன் சார். நீங்களும் நின்னீங்க பாருங்க, புண்ணியமாப் போவும்.” பஸ்ஸே சிரித்தது.

சாயங்காலம் வேலி ஓரமாக உட்கார்ந்து சார் என்னிடம் அழுதார். “என்னால முடியாது மல்லிகா. கத்துக்குடுத்த பாடமே புள்ளைய முழுங்கப் பாக்குது.”

ஆனாலும் மறுநாள் வந்தார். ‘ரைட்’டைத் தூக்கிவிட்டு, கைதட்டினால் ஓடணும் என்று மாற்றினார். பழையதை மறக்கவைக்கவே ஒரு வருஷம் போனது.

பள்ளியை மூடினார்கள். அம்மாவும் போய்ச் சேர்ந்தார். நான் ஒரகடத்தில் கம்பெனி வேலை, ஷிப்டு... ரோடு பூராவும் கண்டெய்னர் வண்டிகள். சேகர் இன்னும் ஓடுகிறான்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் சார் வீட்டுக்கு வருவார். “உன் குரலுக்கு அவன் நிக்கணும்மா. நான் எத்தினி நாளைக்கு?” நான் ஓல்டான் என்றால் சேகர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான்... ஓடுவான். எத்தனையோ வருஷமாக இதேதான்.

சார் குரலை ரெக்கார்டு பண்ணிப் பார்த்தோம். முதல் தடவை நின்றான். அப்புறம் செல்லைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான், சார் உள்ளே இருக்கிறாரா என்று.

போன மாதம் மெயின் ரோட்டில் இறங்கிவிட்டான். சாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். “சேகரு... டேய் சேகரு... ஓல்டான்!” நின்றான், டிரெய்லர் லாரிக்கு ஒரு கை தூரத்தில். “நின்னானா? மல்லிகா, நின்னானாம்மா?” என்று சார் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சேகரை ரோட்டு ஓரத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே வீட்டு கேட்டுக்கு ஒரு பூட்டு வாங்கி வந்தேன். சாருக்குக் கோபம். “பூட்டிட்டா அவன் எதுக்கும்மா நிக்கக் கத்துக்கணும்? என் புள்ளைய ஜெயில்ல போடாத.” பிரிக்காமல் அப்படியே பீரோவில் வைத்துவிட்டேன்.

இன்று ஞாயிறு. குளித்து, ஷூ மாட்டிக்கொண்டு நிற்கிறான். “சார் வர்ல? சார் வர்ல?”

கேட்டைப் பூட்டிவிட்டேன் சார். அவன் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறான். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

போய் வாருங்கள் சார்.