சுவரைப் பார்த்த குப்பிகள்

மகள் காலி ஜாம் குப்பிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாள். அந்த மணம் என்னை இரணியல் வீட்டு அடுக்களைக்குக் கொண்டுபோனது.

அப்பா வளைகுடாவில் இருந்தார். அவர் கொண்டுவந்த காப்பிப்பொடியின் கண்ணாடிக் குப்பிகள் காலியானால், ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்டை அம்மா அவற்றில் பூசி, மேலே வெள்ளையில் பிச்சிப்பூ வரைவாள். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு விரல் அகலம் மேலிருந்து கீழ்வரை பூசாமல் விடுவாள். அந்தப் பக்கம் எப்போதும் சுவரைப் பார்த்தே இருக்கும்.

"இங்க மட்டும் ஏம்மா பூசல?"

"பெயின்ட் தீந்துபோச்சு மக்கா."

எல்லாக் குப்பிக்கும் சரியாக அந்த இடத்திலா தீரும்? அப்பாவின் அக்கா வந்திருந்த ஒருநாள், பொறுக்கமாட்டாமல் எல்லாவற்றையும் திருப்பி வைத்துப் பார்த்தேன். பயறு, கடுகு, சீனி எல்லாமே அடியில்தான் கிடந்தன. என் பின்னால் அத்தை நின்றிருந்தாள்.

அம்மா சாயாவை ஆற்றியபடி, "சீனி எத்தன கரண்டி மைனி?" என்றாள்.

"எனக்கு இப்பம் சீனி பிடிக்கதில்ல" என்றாள், எப்போதும் மூன்று கரண்டி கேட்கும் அத்தை.

மகளின் குப்பியில் இடைவெளியே இல்லை. "உள்ள எவ்வளவு இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

"மூடியைத் திறந்து பாத்தாப் போதும்லா?"

போதும்தான். ஆனால் எங்கள் வீட்டில் சீனிக் குப்பியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டால், நான் கையை நீட்டிக்கொண்டு ஓடிவருவேன்.