மாமா வேண்டாம் என்ற மாப்பிள்ளை

மாமாவின் பெண்ணைப் பார்க்க வந்தவர்களின் கையில் காபி இன்னும் ஆறவில்லை. பையனுக்கு எந்த ஊரில் வேலை என்று மாமா கேட்டார். கேட்ட முகத்தில் நல்ல சிரிப்பு இருந்தது. பையன் கூச்சத்தோடு ஒரு வெளிமாநில அணுமின் நிலையத்தின் பெயரைச் சொன்னான். நீராவிக் குழாய்களைப் பராமரிக்கும் பிரிவில் டெக்னீஷியன் என்றும், கல்யாணம் ஆனால் குவார்ட்டர்ஸ் கொடுப்பார்கள் என்றும் சேர்த்துக்கொண்டான். மாமா எழுந்து நின்றார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாணாம்மா. இந்த எடம் சரிப்படாது" என்று பையனின் அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவள் நான்தான். திருவிடந்தைப் பக்கத்துப் பள்ளியில் எனக்கு வேலை. பையனின் தம்பி என்னிடம் படித்தவன். அவர்கள் அம்மா சாலையோரத்தில் மீன் விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். மாமாவிடம் மத்திய அரசு வேலை என்று மட்டும் சொல்லியிருந்தேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. மிச்சத்தை நேரில் கேட்டால் சந்தோஷத்தில் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். நினைக்கக் காரணம் இருந்தது.

மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. எங்கள் கடலோரக் குப்பத்திலிருந்து கிளம்பி, செங்கல்பட்டில் மாடிவீடு கட்டி, மறைமலைநகரில் சொந்தப் பட்டறை போட்டவர். தாராள மனசுக்காரர். என் கல்லூரிப் படிப்புக்கு அவர்தான் துணை நின்றார். அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சிரித்தால் தெருவுக்கே கேட்கும். பட்டறையில் வால்வு வேலை. மூடிப்போன ஆலைகளிலிருந்து கழித்துப் போட்ட வால்வுகள் லாரியில் வரும். மணலைப் பீய்ச்சித் துருவை எடுப்பார்கள், விரிசல் இருந்தால் பற்றவைத்துத் தேய்ப்பார்கள், பெயிண்ட் அடிப்பார்கள். பழசு வந்தது, புதுசு போனது. நான் அதை சர்வீஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டியை சர்வீஸுக்கு விட்டால் பளபளவென்று திரும்பி வருவதில்லையா, அதைப் போல. வால்வின் மேல் பெரிய கம்பெனியின் பெயர்த்தகட்டை எதற்குப் புதிதாக அடிக்கிறார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இன்று அந்தப் பட்டறைக் கதவில் அரசாங்க முத்திரை தொங்குகிறது. பஸ் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கண் தானாக அங்கே போய்விடுகிறது.

முதலில் அரிசி ஆலை, சாயப்பட்டறை என்றுதான் சரக்கு போய்க்கொண்டிருந்தது. ஒருமுறை தரகர் மூலமாகப் பெரிய ஆர்டர் வந்தது. அனுப்பி முடித்த பிறகுதான் அது எங்கே போகிறது என்று தரகர் சொன்னாராம். அந்த வெளிமாநில அணுமின் நிலையத்துக்கு. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆடி மாதக் கூழ் ஊற்றும் நாளில் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால், "அணு உலையே நம்ம வால்வ நம்பிக்கினு கீது, தெரியுமா?" என்றார். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். அதனால்தான் பையன் அதே நிலையத்தின் பெயரைச் சொன்னபோது, மாமாவின் முகம் ஏன் அப்படிச் சுண்டிப்போனது என்று எனக்கு விளங்கவில்லை.

பையனின் அம்மாவுக்கு அவராகவே ஒரு காரணம் விளங்கிவிட்டது. பஸ் ஸ்டாப்வரை கூடப் போனேன். "மீன் நாத்தம் புடிக்கலியோ இன்னாவோ. பணம் வந்தா மூக்கு மாறிப்பூடும் டீச்சரு" என்றார். குப்பத்தில் பிறந்த மாமாவுக்கா மீன் நாற்றம் என்று எனக்குக் கோபம் வந்தது. மாமா பெண் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. அத்தை கெஞ்சிப் பார்த்தாள். மாமா காரணம் சொல்லவே இல்லை. அந்த வருஷமே மறைமலைநகர் கார் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் மாப்பிள்ளையைப் பார்த்து, கம்பெனி பஸ் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும் வீட்டில் அவளைக் கொடுத்தார்.

போன கோடையில் அந்தப் பையன் இறந்துபோனான். நீராவிக் குழாயில் வால்வு பிளந்து, எதிரில் நின்றவனை ஆவி வேகவைத்துவிட்டது. கதிர்வீச்சு எதுவும் கசியவில்லை, ஊருக்கு ஆபத்தில்லை என்று செய்தியில் சொன்னார்கள். உண்மைதான். வெந்தது அவன் ஒருவன்தான். உடம்பைக் கொண்டுவந்த சக ஊழியர் துணியை விலக்க விடவில்லை. கடற்காற்றில் ஷாமியானா படபடத்துக்கொண்டிருக்க, அவர் தாழ்ந்த குரலில் எங்களிடம் சொன்னார்: "புது வால்வுதாங்க. ஒடஞ்ச எடத்துல பாத்தா, பெயிண்டுக்கு அடியில பழைய வெல்டிங்கு. எவனோ பழச புதுசுன்னு தள்ளிவிட்டிருக்கான்."

மாலையோடு வந்திருந்த மாமா என் பக்கத்தில்தான் நின்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரியில் வந்த பழசும் லாரியில் போன புதுசும் அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு அர்த்தமாகின.

மற்றவர்களுக்கு வேறுவிதமாக அர்த்தமானது. துக்கத்துக்கு வந்த இடத்திலேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். "அன்னிக்கே வாணாம்னு சொன்னாரு பாரு. பொண்ணு தாலி தப்பிச்சிது" என்றார் ஒருவர். "அவருக்கு அருள் கீதுப்பா" என்றார் இன்னொருவர். ஒரு வாரத்துக்குள் செங்கல்பட்டு வீட்டு வாசலில் ஜாதகத்தோடு ஆட்கள் வந்து நின்றார்கள். இந்த இடம் வேண்டுமா வேண்டாமா என்று மாமா வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். மாமா யாரையும் விரட்டவில்லை. வந்தவர்களுக்குக் காபி கொடுக்கச் சொன்னார்.

அப்படி ஆட்கள் உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா பெண் வந்தாள். சக ஊழியர் சொன்ன பழைய வெல்டிங் கதை அவள் காதுக்கும் போயிருந்தது. அவள் உட்காரவில்லை. எல்லோர் முன்னாலும், "உனுக்கு எப்பிடிப்பா தெரியும்?" என்று கேட்டாள்.

மாமாவுக்குக் கண் கலங்கியது. "பெத்தவனுக்குத் தெரியாதா கண்ணு?" என்றார்.

"அவரப் பெத்தவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்ப்பா. நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா."

ஜாதகக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மாமா மறுக்கக்கூட இல்லை. மகளைப் பார்க்காமல் தரையையே பார்த்தபடி இருந்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். அதன் பிறகு அந்த வீட்டுக்கு அவள் வரவே இல்லை. மாமாவின் மேல் எனக்கு இருந்த பாசம் எங்கேயும் போய்விடவில்லை, அதுதான் கொடுமை. சொந்தப் பெண்ணை அந்த வால்வுக்குப் பக்கத்தில் அனுப்பக் கூடாது என்று தெரிந்த மனிதருக்கு, அடுத்த வீட்டுப் பிள்ளை தினமும் அதன் முன்னால் நிற்பான் என்பது தெரியாமலா இருந்திருக்கும்? அந்த நிலையத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். பட்டறை போயிருக்கும், மானம் போயிருக்கும், பையன் இருந்திருப்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலையிலேயே பையனின் அம்மா பள்ளிக்கு வந்தார். மரத்தடியில் மீன்கூடையை இறக்கி வைத்தார். முகம் சுருங்கிச் சின்னதாகியிருந்தது.

"டீச்சரு, சின்னவனுக்கு அங்கியே வேல குடுக்குறேன்னு சொல்லிக்கீறாங்க. அண்ணன் எடத்துல. அவன் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். எனுக்குப் பயமா கீது. அன்னிக்கு உங்க மாமாவ தப்பா நெனச்சிட்டேன், மீன் நாத்தம்னு. அவுருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குது. அவுருகிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்றியா? அனுப்பலாமா, வாணாமா?"

மாமாவிடம் கேட்கத் தேவையே இல்லை. அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். வாணாம் என்று நான் சொல்லியிருந்தால் அந்த அம்மா கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார். சின்னவன் பிழைத்திருப்பான். அவனுக்குப் பதிலாக வேறு யாருடைய பிள்ளையோ அங்கே நின்றிருப்பான். மாமா செய்ததும் அதுதானே.

"அவருக்கு அருளும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றேன். "அந்த வால்வு அவரோட பட்டறையில செஞ்சது. பழசுன்னு அவருக்குத் தெரியும். அதனாலதான் பொண்ணு குடுக்கல."

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அழுதாவது தீர்ப்பார் என்று நினைத்தேன். அவர் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு நிமிர்ந்தார்.

"மிச்சம் எத்தினி கீது அங்க?"

"எனக்குத் தெரியாதும்மா. எங்கெங்க மாட்டியிருக்காங்கன்னும் தெரியாது. மாமாவுக்கு மட்டும்தான் தெரியும்."

"அங்க வேல செய்ற புள்ளைங்களுக்கு?"

"தெரியாது."

அவர் எழுந்து, கூடையில் இருந்த மீனின் மேல் ஈரச் சாக்கை இழுத்து மூடினார். "இது இங்கியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார். "கெளம்பு. உங்க மாமன் வூட்டக் காட்டு."