ஏஞ்சலாவுக்கு வராத சிவப்புச் சட்டை

ஏஞ்சலாவைக் கோபக்காரி என்பவர்கள் அவள் கோல் அடித்ததைப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தவர்கள் இன்னும் மோசமாகச் சொல்வார்கள். கனடாவில், டோர்செட் பார்க் மாடிக்கட்டடத்தின் பின்னால், கார் நிறுத்துமிடத்தில் பெடியங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு பந்தோடு ஓடத் தொடங்கியவள். பள்ளிக்கூட அணி, ஸ்காபரோ கிளப், மாகாண அணி என்று எங்கே போனாலும் முன்வரிசையில்தான் நிற்பாள். கொஞ்சம் பின்னுக்கு வா என்றால் பயிற்றுநரோடேயே சண்டை பிடிப்பாள்.

அவளுடைய ஆட்டத்தை ஒருநாளும் பாராத ரசிகர் ஒருவர் இருந்தார். தாய் வேரோனிக்காவின் தம்பி கஸ்பர். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து யுத்தம் நடந்த வன்னிக்குள் அகப்பட்டுக் கிடந்த மனிதர். எப்போது போன் எடுத்தாலும் சுகம் விசாரிக்க முன்னம், "பிள்ளை, எத்தினை கோல்?" என்றுதான் கேட்பார்.

2009 ஏப்ரலோடு அந்தப் போன் நின்றுபோனது. மே மாதம் கனடா இளையோர் அணியின் தெரிவு முகாமுக்கு ஏஞ்சலாவை அழைத்தார்கள். தேறினால் சிவப்புச் சட்டை. வயதுக் கணக்குப்படி அவளுக்கு அதுதான் கடைசி வருடம்.

அதே கிழமை யுத்தம் முடிந்துவிட்டதாக ரிவியில் சொன்னார்கள். பலசரக்குக் கடை வைத்திருந்த ஊர்ச் சங்கத் தலைவர் நீக்கிலாப்பிள்ளை வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தார்.

"சனம் அங்க இப்பிடிச் செத்துக் கிடக்கேக்க எங்கட பிள்ளையள் பந்து விளையாடுறது சரியில்லை, தங்கச்சி. முப்பத்தோராம் நாள் பூசை முடியட்டும்," என்றார் வேரோனிக்காவிடம்.

"அங்கிள், உங்கட கடை பூட்டியிருக்கோ?" என்று கேட்டாள் ஏஞ்சலா.

கடை திறந்துதான் இருந்தது. மனிசன் தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போனார்.

முகாமுக்குப் புறப்படும் நேரத்தைக் கேட்கப் பயிற்றுநருக்குப் போன் எடுத்தபோதுதான் சங்கதி தெரிந்தது. மாமாவின் மரணத்துக்கு அவர் அனுதாபம் சொன்னார். அவளுடைய இடத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்தாயிற்றாம். ஏஞ்சலாவுக்குக் கோபம் உச்சியில் ஏறியது. நேரே குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த தாயிடம் போனாள்.

"மாமா செத்திட்டார் எண்டு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான் கோச்சிட்டச் சொன்னனான்," என்றாள் வேரோனிக்கா. "செத்தவீடு எண்டால் மட்ச்சைத் தள்ளிவைப்பினம்தானே? ஊரில பைனலையே தள்ளிவச்சவை. எதிர் டீம் மலர்வளையத்தோட வந்தவை. ஒரு மாதம் பொறுப்பினம் எண்டு நினைச்சன். ஊர் வாயும் அடங்கும், உன்ர இடமும் நிக்கும்."

"இஞ்ச ஒருத்தரும் பொறுக்க மாட்டினமம்மா. ஒரு போன் கோலில மாமாவைச் சாக்காட்டிப்போட்டியள்."

அதற்குப் பிறகு அவள் தாயோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கீழே போய்ச் சுவரில் பந்தை அடிஅடியென்று அடித்தாள். தாயில் கோபம், நீக்கிலாப்பிள்ளையில் கோபம், தன் இடத்தை எடுத்த முகம் தெரியாத பிள்ளையிலும் கோபம். எல்லாவற்றையும் விட, தாய் சொன்னது பொய்தானா என்றே தெரியாதது அவளைப் போட்டு வதைத்தது.

ஜூன் கடைசியில் வவுனியா அகதி முகாமிலிருந்து, யாரோ ஒருவரின் போனில் கஸ்பர் வந்தார்.

"பிள்ளை, எத்தினை கோல்?"

ஏஞ்சலாவுக்கு அழுகை வந்தது. அழுவதே எரிச்சலாக இருந்தது. சத்தம் வெளியே கேட்கும்படி போனைத் தாயிடம் நீட்டினாள். "நீங்களே சொல்லுங்கோ."

வேரோனிக்கா விம்மி விம்மி எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் கஸ்பருக்குக் கோபம் வந்தது. குடும்பத்துக் கோபம்தானே அது.

"இஞ்ச குண்டு போட்டும் நான் சாகேல்லையக்கா. நீங்கள் அங்க இருந்து கொல்லுறியள். பிள்ளை, போய்ச் சொல்லு, மாமா உயிரோட இருக்கிறார் எண்டு. சட்டையைத் தரச் சொல்லு."

ஏஞ்சலா போய்ச் சொன்னாள். பயிற்றுநர் மெய்யாகவே சந்தோசப்பட்டார், கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆனால் அணியைத் தெரிவுசெய்து முடித்தாயிற்று.

அந்த ஞாயிறு கிளப் ஆட்டத்தில் அவள் கால் பட்டதெல்லாம் வலைக்குள் போனது. கட்டிப்பிடிக்க வந்த தோழிகளைத் தள்ளிவிட்டு நடுக்கோட்டுக்கு நடந்தாள்.

அடுத்த முறை கஸ்பர் போன் எடுத்தபோது முதலில் சட்டையைத்தான் கேட்டார்.

"தரேல்லை மாமா."

"எத்தினை கோல்?"

"நாலு. கோபத்தில அடிச்சது."

"காணாது, இன்னும் அடி," என்றார் கஸ்பர்.