தரிசு என்று எழுதிய நிலம்

ஆவடிக்குப் பக்கத்தில், கோவில்பதாகை ஊரைத் தாண்டிப் போகிற பாதையில் ஆக்னஸுக்கு அறுபது சென்ட் நிலம். மூன்று பக்கமும் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. புதிதாகக் குடிவருகிறவர்கள், யாரோ விற்காமல் போட்டுவைத்த மனை என்றுதான் நினைப்பார்கள். கிட்டே போனால்தான் கீரைப் பாத்திகள் தெரியும். கணவர் இறந்து ஒன்பது வருடமாக அதை அவள் ஒண்டியாகவே பார்த்துவருகிறாள்.

விவசாயிகளுக்கு நான்கு மாதத்துக்கு ஒரு முறை அரசாங்கம் போடும் இரண்டாயிரம் ரூபாய் அவளுக்கும் வந்துகொண்டிருந்தது. விதைக்கும் எருவுக்கும் அதுதான். ஒரு தவணை வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. வேளாண்மை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே கம்ப்யூட்டரில் பார்த்த ஊழியர் தினேஷ், "உங்க நிலத்துல விவசாயமே இல்லைன்னு காட்டுதும்மா. கிராமக் கணக்குல தரிசுன்னு எழுதியிருக்கு," என்றார்.

"தரிசா? காலைல பறிச்ச கீரை இன்னும் கையில மணக்குது சார்!"

"புரியுதும்மா. வி.ஏ.ஓ. நேர்ல பார்த்து மாத்தி எழுதணும்."

கிராம நிர்வாக அலுவலரான குணசேகரன், "வந்து பாக்குறேம்மா" என்று நான்கு முறை சொன்னார். வரவில்லை. ஐந்தாவது முறை போனபோது, "சுத்தி வீடா ஆயிடுச்சு. இனிமே அங்க இன்னா வெவசாயம்? மனையா போட்டு வித்துட்டு நிம்மதியா இருங்களேன்," என்றார். அக்கறையாகத்தான் சொன்னார்.

ஆக்னஸுக்குச் சுருக்கென்றது. "விக்கிறதும் விக்காததும் என் இஷ்டம் சார். பயிர் வெச்சுகினு கீறேன். அத்த எழுது. அதான் உன் வேலை."

அன்றைக்கே 'தரிசு' என்று எழுதிய கணக்கின் நகலைக் கேட்டு மனுப் போட்டாள். இரண்டு வாரம் நடந்து அதை வாங்கினாள். திங்கட்கிழமை, கீரைக் கட்டுகளை ஆவடிச் சந்தையில் போட்டுவிட்டு, கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு ரயிலேறினாள். முதல் வாரம் அவள் முறை வருவதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. மறு வாரம் ஏழு மணிக்கே போய் வரிசையில் நின்றாள்.

மேசைக்குப் பின்னால் ஓர் இளம் பெண் அதிகாரி இருந்தார். ஆக்னஸ் அந்த நகலை வைத்தாள். பக்கத்திலேயே, தன் பம்புசெட்டின் இலவச மின்சார அட்டையையும் வைத்தாள்.

"வெவசாயம் பண்றேன்னு ஒரு ஆபீசு எனக்கு ஓசில கரண்ட் குடுக்குது. பண்ணலன்னு இன்னொரு ஆபீசு காச நிறுத்திடுச்சு. எது நெசம்னு நீங்களே சொல்லுங்கம்மா."

அதிகாரி இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். உடனே போனை எடுத்தார்.

மறுநாள் காலை குணசேகரன் வந்துவிட்டார். வரப்பில் நடந்தபோது அவர் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. ஆக்னஸ்தான் பிடுங்கிக் கொடுத்தாள். அரைக்கீரை, சிறுகீரை, ஓரத்தில் வெண்டை என்று ஒவ்வொன்றாக எழுதினார்.

"படிச்சுக் காட்டு சார்," என்றாள்.

படித்துக் காட்டினார். "இவ்ளோ இருக்கும்னு நெனைக்கலம்மா. தப்பு என்னுதுதான்," என்றார்.

அடுத்த தவணை ஒழுங்காக வந்தது. நின்றுபோன இரண்டும் வரவில்லை. ஆக்னஸ் மறுபடியும் தினேஷ் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"பழசு கிடைக்கறது கஷ்டம்மா," என்றார் அவர்.

"கஷ்டம்னுதானே சொல்ற, முடியாதுன்னு சொல்லலியே. எப்படி எழுதணும்னு மட்டும் சொல்லு," என்று அவள் பேனாவைத் திறந்தாள்.