லிட்டில் வார்ம், சார்

என் தம்பி வெங்கிட்டுவைப் பற்றிக் கொச்சி மட்டாஞ்சேரியில் யாரைக் கேட்டாலும் ‘அத்தானைக் கொன்ன இங்கிலீஷ் வாத்தியார்’ என்பார்கள். அந்தப் பெயரை வைத்ததே நான்தான்.

யூதர்கள் இருந்த ஜூ டவுனில் மிளகு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் அவன் கிளார்க். எங்கள் அப்பா முனிசிபாலிட்டியில் குப்பை வண்டி தள்ளியவர். வீட்டில் பிரீடிகிரி பாஸான ஒரே ஆள் வெங்கிட்டு. வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதி எழுதியே இங்கிலீஷ் பிடித்துக்கொண்டான். சாயங்காலமானால் மிளகுக் கிடங்குக்கு மேலே ஓர் அறையில், கல்ஃபுக்குப் போகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பான். வருகிறவர்கள் எல்லாம் அவனைவிட வயது கூடினவர்கள்.

போகிற இடம் வெயில் காடு என்பதால் சூட்டுக்கு மட்டும் தனிப் பாடம். வெயில் கொளுத்தினால் ஹாட். சாயா ஆற ஆரம்பித்தால் வார்ம். வாய்ச்சண்டை முற்றினால் ஹீட்டட். வந்தவரை அன்பாக வரவேற்றால் திரும்பவும் வார்ம்.

“அதென்னடா, சாயா ஆறினாலும் வார்ம், அன்பு பொங்கினாலும் வார்மா?” என்றேன்.

“வெள்ளக்காரன் அன்ப அந்த அளவுக்குத்தான் சூடாக்குவான்க்கா.”

பேச்சுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் ஆள் பயந்தாங்கொள்ளி. ஒரு மே மாதம் ஆபீஸில் ‘டூ ஹாட்’ என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டான். ‘அப்படின்னா வீட்டுக்குப் போய் விசிறிக்கிட்டு இரு’ என்று அவர் பத்துப் பேர் முன்னால் கத்தினார். அன்றிலிருந்து வகுப்பில் ஒரு சட்டம். முதலாளியிடம் ஹாட் என்று வாய் திறக்கக் கூடாது, அது புகார். கொஞ்சம்தான் சூடு என்கிற மாதிரி, ‘லிட்டில் வார்ம், சார்’ என்று சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும், அது மரியாதை.

1997-ல் என் வீட்டுக்காரர் செல்லதுரைக்கு விசா வந்தது. மிளகு மூட்டை சுமந்தவர், நாற்பது வயது, எழுத்து வாசனையே கிடையாது. வகுப்பில் போய் உட்கார்ந்தும் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. நான் விடுவேனா? வேலை முடிந்து வந்து குளிக்க உட்காருவார். முதுகில் சுடச்சுட வெந்நீர் ஊற்றுவேன். “ஐயோ, சுடுதுடீ!” என்று துள்ளுவார். “இங்கிலீஷ்ல சொல்லுங்க, அப்பத்தான் பச்சைத்தண்ணி கலப்பேன்” என்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு, இளித்து, “லிட்டில் வார்ம், சார்” என்பார். என்னைப் போய் சார் என்று! வயிறு வலிக்கச் சிரிப்பேன். விமானம் ஏறும்வரை நாற்பது நாளும் இதே கூத்து.

கல்ஃபுக்குப் போன மூன்றாம் மாதம் பெட்டியில் வந்தார்.

அதே கேம்பில் வேலை செய்த ஷாஃபி எங்கள் தெருக்காரன். லீவில் வந்தபோது வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னான். வெங்கிட்டுவும் அப்போது இருந்தான். மணலில் குழாய் பதிக்கிற வேலை. உச்சி வெயிலில் செல்லதுரை இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டாராம். ஃபோர்மேன் வந்து என்ன விஷயம் என்று கேட்டிருக்கிறான்.

“சேட்டன் சிரிச்சுக்கிட்டே ‘லிட்டில் வார்ம், சார்’னு சொன்னாரு, சேச்சி. தண்ணி குடிச்சிட்டு வேலையப் பாருன்னு அவன் போயிட்டான். சேட்டனும் எழுந்து மண்வெட்டிய எடுத்தாரு. மூணு மணிக்கு விழுந்துட்டாரு. பாவம், கடைசி வரைக்கும் மரியாத விடல.”

ஷாஃபி புகழ்ச்சியாகத்தான் சொன்னான். நான் வெங்கிட்டுவின் சட்டையைப் பிடித்தேன். “படுபாவி! உன் மரியாததாண்டா அவரக் கொன்னுது!” தெருவே கூடிவிட்டது. அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் இறங்கிப் போனான். வெந்நீர்ச் சமாசாரத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. அது எனக்கும் செத்தவருக்கும் மட்டுமே தெரியும் என்று நினைத்தேன். பழியைத் தம்பி தலையில் இறக்கிவிட்டு மூச்சு விட்டேன். வேறென்ன சொல்ல?

அதற்குப் பிறகு அவன் வகுப்பில் மரியாதையே கிடையாது. வருகிறவனை எல்லாம் நிறுத்தி, “டூ ஹாட்! ஐ கேனாட் ஒர்க்! டாக்டர்!” என்று தொண்டை கிழியக் கத்த வைப்பான். கீழே மிளகு புடைக்கிற பெண்கள் சிரிப்பார்கள். விசா ஏஜென்ட்டுகளுக்கு ஆத்திரம். இவனிடம் படித்தவன் போகிற இடத்திலெல்லாம் புகார் சொல்கிறான் என்று ஆள் அனுப்புவதை நிறுத்தினார்கள். 2001-ல் அறைக்குப் பூட்டு விழுந்தது. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. என் மகள் அஞ்சுவைத் தினமும் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்து தெருமுனையில் விடுவான். வாசலுக்கு வரமாட்டான்.

2007 மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். கிட்னி ரெண்டும் போச்சு, இனி தாங்காது என்று டாக்டர் சொன்னதாக அஞ்சு வந்து அழுதாள். பத்து வருஷம் கழித்து அவனைப் பார்க்கப் போனேன். ஆள் பாதியாகியிருந்தான். இதற்கு மேலும் மூடி வைத்தால் நான் மனுஷியே இல்லை.

“வெங்கிட்டு, அந்தப் பேச்ச அவர் வாயில ஏத்தினது நீ இல்லடா. நான்தான். வெந்நி ஊத்தி ஊத்தி…”

“தெரியும்க்கா.”

“என்னது?”

“அத்தான் அப்பவே கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சாரு. உன்னவிட நல்ல டீச்சர் என் வீட்லயே இருக்கான்னு.”

“பின்னே அன்னைக்கு ஏண்டா வாயத் திறக்கல, பாவி?”

“ரெண்டு பேரும் என்னத்துக்குக்கா வேகணும்? ஒருத்தன் வெந்தா போதாதா?”

கையைப் பிடித்தேன். அனலாகக் கொதித்தது.

“ரொம்பச் சுடுதாடா?”

“கொஞ்சம்தான்க்கா” என்று சிரித்தான்.