ஹாஜியாரின் கட்டடம்

கடலோரக் கண்டக்குழியில் மழை. பஸ் வரும்வரை ஒரு தேத்தண்ணிக் கடையில் ஒதுங்கி நிற்கிறேன். சுவரில் பெரிய படம் ஒன்று தொங்குகிறது. தூரத்துப் பல்கலைக்கழகமொன்றின் விஞ்ஞானக் கட்டடம் அது. முகப்பில் இந்த ஊர் ஹாஜியாரின் பெயர். அவர் அள்ளிக் கொடுத்த காசில் கட்டியதாம். உப்புக்காற்றில் படத்தின் கண்ணாடி மங்கிக் கிடக்கிறது.

"ஊர்ப் பிள்ளையள் ஆரும் அங்க படிக்கினமோ?" என்று கடைக்காரப் பெண்ணிடம் கேட்கிறேன்.

"இல்ல தம்பி. இஞ்ச ஸ்கூல்ல சயன்ஸ் படிப்பிக்க ஆள் இல்ல. நாட்டில சண்டை முடிஞ்சா டீச்சர்மார் வருவாங்க எண்டாங்க. முடிஞ்சும் வரல்ல. என்ட மகளும் ஆர்ட்ஸ்தான்."

"நீங்க அந்தக் கட்டடத்தைப் பாத்திருக்கிறீங்களோ?"

"ஓம். ஹாஜியார் கண்ண மூடி மௌத்தான நாளில வருசாவருசம் வேன் பிடிச்சிப் போறம். வாசப்படியில நிண்டு அவருக்காகக் குர்ஆன்ல யாசீன் ஓதிட்டுத் திரும்பி வாறம். உள்ளுக்கு எங்களுக்கு என்ன வேலை, தம்பி?"