அண்ணன் விட்ட கொட்டாவி

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான புதிதில் அவர் வேலை செய்யும் கட்டடங்களுக்குச் சில நாள் மதியச் சாப்பாடு கொண்டுபோவேன். லிஃப்டுக்காகக் காத்திருப்பவர்கள் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்குவதைப் பார்த்துச் சிரிப்பார். "ஒரு தடவை அமுக்கினா அதுக்குக் கேட்டுடும். பத்துத் தடவை அமுக்கினா லிஃப்ட் சீக்கிரம் வராது, பொத்தான்தான் கெட்டுப்போகும்" என்பார். கிரீஸ் அப்பிய கையோடு அதைச் சொன்ன நிதானத்தைப் பார்த்துத்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. இப்போது அதே மனிதரை நினைத்தால் குமட்டுகிறது. நாசூக்காகச் சொல்ல வேறு வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை.

எங்கள் பகுதிக்கு ஒரு கால்பந்து கிளப் உண்டு. பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு பக்கம் தகரக் கூரை, மூன்று வரிசை மரப்பலகை, தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை. ஆடுகிறவர்கள் எல்லாம் வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்கள். கோச்சும் அப்படித்தான். ஜெயித்தால் பையன்களைத் தூக்கிக் கொண்டாடுவார்கள், தோற்றால் கோச் திட்டு வாங்குவார்.

முன்பு பல் டாக்டர் ஒருவர் கோச்சாக இருந்தார். அவர் காலத்தில் ஒரு சீசன் முழுக்கத் தோற்றோம். அத்தனை ஆட்டத்துக்கும் இவர் குடையைப் பிடித்துக்கொண்டு கடைசி விசில் வரை உட்கார்ந்திருப்பார். திட்டாமலா இருந்தார்? வாய்க்கு வந்தபடி திட்டுவார். ஆனால் மைதானத்து வாசலில் தொடங்கும் திட்டு பஸ் ஸ்டாப் வருவதற்குள் தீர்ந்துவிடும். அடுத்த வாரம் அதே டாக்டரிடம் போய், "அந்தக் குட்டைப் பையனை வலது பக்கம் போட்டுப் பாருங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு வருவார். டாக்டரும் இவருடைய கடைவாய்ப் பல்லை விசாரித்து அனுப்புவார். அப்படியே பல வருடம் ஓடியது. யாருக்கும் எதுவும் குறைந்துவிடவில்லை.

அப்புறம் போன் வந்தது. போன் எல்லோருக்கும்தான் வந்தது, இவருக்கு ஸ்டாண்டோடு வந்தது. ஆட்டத்தை நேரலையில் காட்டுகிறேன் என்று ஒரு பேஜ் தொடங்கினார். ஆட்டத்தை மட்டும் காட்டினால் நாலு பேர் பார்த்தார்கள். கோச்சைத் திட்டினால் நானூறு பேர் வந்தார்கள். அதிலிருந்து இவர் மைதானத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். தலை குனிந்தபடி கமெண்டைத்தான் பார்ப்பார். கோல் விழுந்தால் பக்கத்து ஆள் தோளைத் தட்டிச் சொல்ல வேண்டும். டாக்டர் ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போனார். அவருக்குப் பின் வந்த ஒருவர் ஏழு ஆட்டம், இன்னொருவர் நாலு. அவர்கள் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை.

அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தது என் அண்ணன். பெயின்ட் கடையில் கலர் கலந்து கொடுப்பவன். வாடிக்கையாளர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், பலகையில் தடவி, காய்ந்த பிறகு என்ன நிறம் காட்டுகிறது என்று பார்க்காமல் டப்பாவை மூட மாட்டான். கோல்கீப்பர் பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடிக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவனுக்குத் தள்ளி அங்கிருந்து ஆட்டத்தைக் கட்ட வேண்டும் என்பது அவன் திட்டம். "பழகற வரைக்கும் சொதப்பும். ஒரு சீசன் குடுங்க" என்று கேட்டுக்கொண்டான். கிளப் தலைவர், டைல்ஸ் கடைக்காரர், "ரெண்டு சீசன் எடுத்துக்கய்யா" என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

முதல் ஆட்டம் சமன். இரண்டாவதில் தோற்றோம். மூன்றாவது ஆட்டத்தின் இடைவேளையில் என் வீட்டுக்காரர், "கோச் இருக்கலாமா, போகலாமா?" என்று பேஜில் வாக்கெடுப்பு வைத்தார். சொந்த மச்சானுக்கு. கேட்டால், "நான் எங்க சொன்னேன்? ஜனங்க சொல்றாங்க" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் நடந்தது. ஆண்கள் வார்டு, ராத்திரி துணைக்கு ஆண்பிள்ளைதான் இருக்க வேண்டும். இவர் முதல் ராத்திரி இருந்தார். மறுநாள் முதுகு வலி என்றார், வீடியோ வேலை கிடக்கிறது என்றார். நான் அண்ணனுக்கு போன் போட்டேன். அவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு நேராக வார்டுக்கு வந்தான். அன்றிலிருந்து தினமும் அவன்தான் மாமனாரைப் புரட்டிப் படுக்க வைத்து, மூத்திரப் பையை மாற்றச் சொல்லி நர்ஸைத் தேடி ஓடி, விடிய விடிய ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

சனிக்கிழமை ஆட்டம். காலையில் வார்டுக்குப் போய் அண்ணன் கையிலிருந்து மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டவர் என் வீட்டுக்காரர்தான். "போ மச்சான், போய் கொஞ்சம் கண்ணை மூடு" என்று சொன்னவரும் அவர்தான். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். கண்ணை மூட நேரமில்லாமல் அண்ணன் மைதானத்துக்குப் போனான். மருந்தை வாங்கிக் கொடுத்துவிட்டு, என்னை வார்டில் விட்டு, இவரும் ஸ்டாண்டோடு பின்னாலேயே போனார். இரண்டாம் பாதியில் எங்கள் வலையில் பந்து விழுந்த அதே நொடியில் பெஞ்சில் இருந்த அண்ணனுக்குக் கொட்டாவி வந்தது. சின்னக் கொட்டாவி இல்லை. உள்நாக்குத் தெரிகிற கொட்டாவி.

இவர் அதை வெட்டி எடுத்து, மெதுவாக ஓடவிட்டு, பின்னால் கழுதை கத்தும் சத்தத்தைச் சேர்த்துப் போட்டார். சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் அது சுற்றியது. கொட்டாவி கோச் என்று பெயர் வைத்தார்கள். முகத்தை மட்டும் கத்தரித்து ஸ்டிக்கர் செய்தார்கள். எவனுக்கு எவன் பேச்சு சலித்தாலும் அனுப்புவதற்கு என் அண்ணனின் திறந்த வாய்.

"ஒரே ஒரு வரி எழுதுங்க" என்று கேட்டேன். "'எங்கப்பாவுக்காக ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தாரு'ன்னு எழுதுங்க. அது போதும்."

"இப்ப எழுதினா பேஜுக்கு என்ன மதிப்பு இருக்கும்? தமாஷுக்குப் போட்டதுதானே. ரெண்டு நாள்ல அடங்கிடும்."

"அடங்கலன்னா?"

அவர் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று திரையைக் கீழே இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் போட்ட சோறு காய்ந்துபோனது. என் வாழ்க்கையில் ஒரு மனிதரைப் பார்த்து அவ்வளவு அருவருப்பு எனக்கு வந்ததில்லை, அவர் பக்கத்தில்தான் நான் படுத்து எழ வேண்டும்.

அடங்கவில்லை. பெயின்ட் கடைக்கு வந்து, "கொட்டாவி கலர் இருக்கா?" என்று கேட்டுவிட்டு அவன் முகத்துக்கு நேரே போனை நீட்டினார்கள். இரண்டு சீசன் எடுத்துக்கொள்ளச் சொன்ன டைல்ஸ் கடைக்காரர், ஒரு போன்கூடப் போடாமல், கிளப் குரூப்பில் இரண்டு வரி போட்டு அவனை நீக்கினார். அண்ணன் விசிலையும் சாவியையும் கொண்டுபோய்க் கொடுத்தான். பையன்களின் பயிற்சி பனியன்களைத் துவைத்து மடித்துக் கொடுத்திருந்தான். என்னிடம், "விடு பாப்பா, மாப்பிள்ளைகிட்ட சண்டை போடாத" என்றான்.

மாமனார் வீட்டுக்கு வந்தார். படுத்தே கிடப்பவருக்கு போன்தான் துணை. ஒரு நாள் மதியம் எங்கள் குடும்ப குரூப்பில் அண்ணன், "மாமா மாத்திரை சாப்பிட்டாரா?" என்று கேட்டிருந்தான். மாமனார் அதற்கு ஒரு ஸ்டிக்கரை அனுப்பினார். திறந்த வாய். யாரோ அவருக்கு அனுப்பியது, சிரிப்பாக இருக்கிறதே என்று வைத்திருந்திருக்கிறார். கண்புரை விழுந்த கண்ணுக்கு அது வெறும் வாய். அண்ணன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிப் பதில் போட்டிருந்தான்.

நான் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "மாமா, அது யாருன்னு தெரியுமா?" என்று கேட்டு, படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். எந்த ராத்திரிக்கு மறுநாள் எடுத்தது, யார் எடுத்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் போனை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு மகனைக் கூப்பிட்டார்.

"டேய், எனக்கு மூத்திரம் அள்ளினவன்டா அவன்" என்றார். "இதை எப்படித் திரும்ப வாங்குவ?"

இவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். "சொல்லிடறேன்பா. எல்லாருக்கும் சொல்லிடறேன்" என்றார். நான் நம்பினேன். அன்று ஒரு வேளை எனக்குச் சோறு ருசித்தது.

சொன்னார். மறுநாள் சொன்னார். அப்பாவின் கட்டிலுக்கு எதிரில் ஸ்டாண்டை நிறுத்தி, அப்பா தூங்கும்போது அவருடைய கட்டுப்போட்ட இடுப்பை எடுத்து, அடியில் அழுகிற வயலின் இசையைச் சேர்த்து, "ஒரு கொட்டாவியின் பின்னால் உள்ள கண்ணீர் கதை" என்று போட்டார். கடைசியில் இவரே கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அந்தக் காட்சியை மூன்று தடவை எடுத்தார். முதல் இரண்டிலும் வெளிச்சம் சரியில்லையாம்.

கழுதை வீடியோவை விட அதை அதிகம் பேர் பார்த்தார்கள். கழுதை என்று எழுதின அதே கைகள் தெய்வம் என்று எழுதின. புதிதாக வந்திருந்த கோச், பாவம், ஒரே ஒரு ஆட்டம்தான் நடத்தியிருந்தார். இரக்கமில்லாமல் அடுத்தவன் இடத்தில் வந்து உட்கார்ந்தவன் என்று அவரைப் பிடித்துக்கொண்டார்கள். டைல்ஸ் கடைக்காரர் பழக்கூடையோடு அண்ணன் வீட்டுக்குப் போனார்.

"திரும்ப வந்துடுய்யா. ஜனங்க கேக்கறாங்க."

"எத்தனை நாளைக்குக் கேப்பாங்க?" என்றான் அண்ணன். அவர் கிளம்பும்போது கூடையையும் கையில் கொடுத்தனுப்பினான்.

அன்று இவர் என் எதிரில் வந்து நின்றார். முகத்தில் பரிசு வாங்கின களை. "நீ கேட்டதத்தானே செஞ்சேன்? அப்புறம் ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?" என்றார். நான் கேட்ட வரி அந்த வீடியோவில் இருந்தது. ஒரு எழுத்து குறையாமல் இருந்தது.

போன வாரம் மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் காட்டக் கூட்டிப்போனோம். அண்ணன் அதிகாலையிலேயே வந்து, அவரைக் கைத்தாங்கலாக இறக்கிக் காரில் ஏற்றினான். ஆஸ்பத்திரியில் லிஃப்டுக்காக நின்றோம். இவர் ஒரு கையால் பொத்தானை அமுக்கினார், உடனே இன்னொரு தடவை, மறுபடியும். மாமனார் அண்ணனின் தோளில் சாய்ந்திருந்தார். சீக்கிரம் எழுந்த அசதியில் அண்ணனுக்குக் கொட்டாவி வந்தது. அவன் முதலில் இவருடைய இன்னொரு கையைப் பார்த்தான். அதில் போன் இருந்தது. வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.